மூச்சு... மீன்... மச்சான்!

"மாப்ளே, ஒரு டோர்னமென்ட்டுக்குப் போறேன். கூட வர்றியா?" என்றார் அத்தான்.

சிட்னியில் குடியிருக்கும் மனிதர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வயது நாற்பத்தொன்று. லேசாகத் தொப்பை. இவர் போகிற டோர்னமென்ட் என்றால் அநேகமாகச் சீட்டாட்டமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"என்ன போட்டி அத்தான்?"

"மீன் சுடறது."

"அடுப்புலயா?"

"கடலுக்கு அடியில! துப்பாக்கியால!"

இது நடந்தது 2024 மார்ச் மாதம். அக்கா வீட்டில் ஒரு மாதம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று ஆஸ்திரேலியா போயிருந்தேன். நான் "ஐயோ, எனக்கு நீச்சலே சரியா வராதே" என்று நழுவப் பார்க்க, அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"உன்னை யாருடா நீந்தச் சொன்னா? அவருக்குத் தண்ணிக்குள்ள போயிட்டா நேரம் போறதே தெரியாது. நீ கூடப் போய் பார்த்துக்கோ. அவ்வளவுதான்."

'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்' என்று சும்மாவா சொன்னார்கள்? தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிக்கிற வேலையை மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். வேறு யாராவது என்றால் அசந்துவிடலாம். பெண்டாட்டியின் தம்பி கயிற்றை விடமாட்டான். விட்டால் தாலி அறுப்பது அவன் அக்காவாச்சே! 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு நடக்கவில்லை. ஆனால் மச்சான் உத்தியோகம் மட்டும் ரத்தாகவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

* * *

விளையாட்டு இதுதான். முதுகில் சிலிண்டர் கிடையாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு மீனைச் சுட்டால் சட்டப்படி குற்றம். தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒரே ஒரு மூச்சு இழுத்து, அதை நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு பத்து, பதினைந்து மீட்டர் ஆழத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மூச்சு தீர்வதற்குள் மீனைத் தேடி, குறி பார்த்து, சுட்டு, மேலே வந்து சேர வேண்டும்.

துப்பாக்கி என்றதும் தோட்டாவெல்லாம் கற்பனை பண்ணாதீர்கள். நம்மூர் உண்டிவில்லுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு சமாசாரம். தடித்த ரப்பரை இழுத்து மாட்டி, விசையைத் தட்டினால் இரும்புக் கம்பி ஈட்டியாகப் பாயும். துப்பாக்கியிலிருந்து ஒரு நீளக் கயிறு. அதன் மறுமுனையில், தண்ணீர் மேல் மிதக்கும் ஒரு மிதவை. 'இங்கே ஆள் முங்கியிருக்கிறான், படகு ஓட்டுகிறவர்களே, ஜாக்கிரதை' என்று அதன் தலையில் ஒரு கொடி.

போட்டி நடக்கும் ஊர் ஈடன். சிட்னியிலிருந்து தெற்கே சுமார் 480 கிலோமீட்டர். காலையில் கிளம்பினோம். கார் டிக்கியில் துப்பாக்கி, ஒரு முழ நீளத்துக்குமேல் இருக்கும் ரப்பர் துடுப்புச் செருப்புகள், ஈயக் கட்டி கோத்த இடுப்பு பெல்ட், தவிர அக்கா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம்.

ஒரு மணி நேரத்திலேயே முதல் ஸ்டாப். ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில். 1985-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில். சுற்றிலும் யூகலிப்டஸ் காடு, நடுவில் வெள்ளை வெளேரென்று கோபுரம். அக்காவின் உத்தரவு... கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"அத்தான், நாம போறது மீனைக் கொல்ல. இவரோட முதல் அவதாரமே மீன். கொஞ்சம் தர்மசங்கடமா இல்லே?"

"வாயை மூடிட்டுப் புளியோதரையைச் சாப்பிடு" என்றார் அத்தான்.

கயாமா, பேட்மன்ஸ் பே, நரூமா, பாலாடைக்கட்டிக்குப் பெயர்போன பீகா என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, சாயங்காலம் ஈடன். பெயரைப் பார்த்து 'ஏதேன் தோட்டம்' என்று நினைத்தால், இல்லை. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆக்லண்ட் பிரபு, ஜார்ஜ் ஈடனின் பெயர். நம்ம கல்கத்தா ஈடன் கார்டன்ஸும் அதே குடும்பத்துப் பெயர்தான். உலகம் சின்னது ஸார்!

இந்த ஊரில் ஒரு மியூசியம். அதில் 'ஓல்ட் டாம்' என்ற திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை வைத்திருக்கிறார்கள். ஓர்க்கா என்று சொல்கிறார்களே, கறுப்பு வெள்ளைத் திமிங்கிலம், அந்த ஜாதி. அந்தக் காலத்தில் இந்தக் கூட்டம் பெரிய திமிங்கிலங்களைக் குடாவுக்குள் விரட்டிக்கொண்டு வந்து, வேட்டைக்காரர்களிடம் மாட்டிவிடுமாம். கூலியாக நாக்கும் உதடும் ஓர்க்காவுக்கு, மிச்சம் மனிதனுக்கு. 1930-ல் டாம் செத்துப் போனது. அதன் பற்கள் ஒரு பக்கம் தேய்ந்திருக்கின்றன. படகுக் கயிற்றைப் பல்லால் கவ்வி இழுத்து இழுத்துத் தேய்ந்ததாம். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"பாரு மாப்ளே. கயிறு பிடிக்கிறதுன்னா இப்படிப் பிடிக்கணும்" என்றார் அத்தான். சிரித்தேன். மறுநாள் அந்தப் பல் என் கனவில் வரும் என்று தெரியாது.

* * *

அன்று ராத்திரி கடற்கரையில் விதிகள் வாசித்தார்கள். ஒவ்வொரு ஜாதி மீனிலும் ஒன்றே ஒன்றுதான் கணக்கு. ஒரே மீனைப் பத்துப் பத்தாகக் குவித்துப் பிரயோஜனம் இல்லை. மீனுக்கு இவ்வளவு பாயின்ட், எடைக்கு இவ்வளவு பாயின்ட். அளவுக்குக் குறைந்த மீன் என்றால் மைனஸ். கிங் ஃபிஷ் 65 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தொடக்கூடாது. (கிங் ஃபிஷ் என்றால் நம்ம வஞ்சிரம் என்று நாக்கில் எச்சில் ஊற உட்கார்ந்திருந்தேன். இது வேறாம். நம்மூர்ப் பாறை மீனுக்குச் சொந்தக்காரனாம்.)

புளூ குரோப்பர் என்ற நீல மீனை மட்டும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. நாய்க்குட்டி மாதிரி ஆள் பின்னாலேயே வரும் சாது. அதை ஈட்டியால் குத்த 1969-லேயே தடை. 2023 டிசம்பரில் சிட்னி பக்கத்தில் ஒருவர் ஒரு குரோப்பரைச் சுட்டுவிட, ஊரே கொதித்துப் போய், 2024-ல் தூண்டில் போட்டுப் பிடிப்பதற்கும் தடை போட்டுவிட்டார்கள்.

எங்கள் படகை ஓட்டப்போகிறவர் எழுபது தாண்டிய ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. இளமையில் பெரிய சூரர். அவர் சொன்ன கதைகள் இருக்கிறதே...!

ராட்னி ஃபாக்ஸ் என்று ஒரு மனிதர். 1963 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவில் இதே மாதிரிப் போட்டி. நீந்திக்கொண்டிருந்தவரைப் பெரிய வெள்ளைச் சுறா ஒன்று மார்போடு கவ்விவிட்டது. 462 தையல். ஆள் பிழைத்துவிட்டார். பிழைத்தவர் கடல் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தாரா? இரும்புக் கூண்டுக்குள் மனிதனை இறக்கிச் சுறாவைக் காட்டுகிற தொழிலை ஆரம்பித்தார்! இன்னொருவர் ரான் டெய்லர். 1965-ல் டாஹிட்டியில் உலக சாம்பியன். அப்புறம் 'கொன்றது போதும்' என்று துப்பாக்கியை வைத்துவிட்டு கேமராவைத் தூக்கினார். 'ஜாஸ்' படத்தில் வரும் நிஜச் சுறாக் காட்சிகளை எடுத்தது அவரும் அவர் மனைவி வேலரியும்தான்.

"அப்போ இதுல பயப்பட வேண்டியது சுறாவுக்குத்தானா?" என்று கேட்டேன்.

தாத்தா தலையை ஆட்டினார். "சுறா இல்லை. மூச்சு."

அவர் விளக்கியதை என் பி.காம். மூளைக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மூச்சை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் முட்டுகிறது, இல்லையா? அது பிராணவாயு தீர்ந்துவிட்டதால் அல்ல. கரியமிலவாயு சேர்ந்துவிட்டதால். அதுதான் உடம்பின் அலாரம். சிலர் உள்ளே போவதற்கு முன் 'புஸ் புஸ்'ஸென்று வேகமாக மூச்சு விடுவார்கள். அதனால் பிராணவாயு பெரிதாக ஏறிவிடாது. கரியமிலவாயு மட்டும் காலியாகும். அதாவது, அலாரத்தின் பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிற கதை.

அடுத்த வில்லங்கம், மேலே வரும்போது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில், நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சப் பிராணவாயுவும் தாராளமாக வேலை செய்யும். 'இன்னும் நேரம் இருக்கு' என்று தோன்றும். மேலே வர வர அழுத்தம் குறைந்து, பத்து மீட்டர் ஏறுவதற்குள் பாதியாகிவிடும். மார்ச் 31-ம் தேதிக்கு மட்டும் பாங்க்கில் பணம் இருக்கிற மாதிரி காட்டுவார்களே சில கம்பெனிகள்... அது மாதிரி. ஏப்ரல் பிறந்ததும் சாயம் வெளுத்துவிடும். அதனால்தான் மயக்கம் ஆழத்தில் வருவதைவிட, மேலே வரும் கடைசிச் சில மீட்டரில் அதிகம் வருகிறது. சில சமயம் மேலே வந்து, கையை ஆட்டி, ஒரு மூச்சு விட்ட பிறகும்கூட!

"அதனாலதான் ஜோடி. ஒருத்தன் கீழே போனா, ஒருத்தன் மேலே இருந்து பார்க்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து முங்கக் கூடாது. கீழே எவ்வளவு நேரம் இருந்தானோ, அதுல ரெண்டு மடங்கு மேலே ஓய்வு. வந்ததும் முப்பது எண்ணு. மீனைப் பார்க்காதே, முகத்தைப் பாரு."

என் கையில் ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு நோட்டு. நான் இரண்டு பத்தி கோடு போட்டேன். இடது பக்கம் 'கீழே', வலது பக்கம் 'மேலே'. டெபிட், கிரெடிட்! காலேஜில் மூன்று வருஷம் படித்த படிப்பு ஒரு வழியாகக் கடலில் உபயோகப்பட்டது.

* * *

மறுநாள் காலை. ரப்பர் உடையை மாட்ட அத்தான் பட்ட பாடு தனிக் கட்டுரை. சோப்புத் தண்ணீரைக் கொட்டி, நானும் தாத்தாவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, தலையணைக்கு உறை போடுகிற மாதிரி திணித்து முடித்தோம். அத்தானின் ஜோடி, ஒரு எலெக்ட்ரீஷியன் பையன். வயது இருபத்திரண்டு இருக்கும். அத்தானுக்குப் பழக்கமாகி நாலு மாதம்தான். அதிகம் பேசமாட்டான்.

அலுமினியப் படகு. பாறைச் சரிவு ஓரமாக நிறுத்தினோம். அத்தான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அசையாமல் மிதந்து, நிதானமாக மூச்சு விட்டார். முகம் குளிர்ந்த தண்ணீரில் பட்டதும் இதயத் துடிப்பே மெதுவாகிவிடுமாம். திமிங்கிலத்துக்கும் நமக்கும் அந்த ஒரு விஷயத்தில் சொந்தம். அப்புறம் இடுப்பை மடித்தார், காலைத் தூக்கினார், சத்தமே இல்லாமல் மறைந்தார்.

ஆபீஸில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றால் மூன்று மாடி ஏறவே மூச்சு வாங்குகிற மனிதர்!

'கீழே' 8.42.10. 'மேலே' 8.43.15. முப்பது எண்ணினேன். அவர் முங்கி எழுந்து, பையன் முங்கி எழுந்து, மறுபடி அவர். ஒரு மணி நேரத்தில் மூன்று வகை மீன். அதில் ஒன்றின் பெயர் 'லெதர் ஜாக்கெட்'. தோலைச் சட்டை மாதிரி அப்படியே உரித்துவிடலாமாம். நோட்டில் கணக்கு டாலி ஆகிக்கொண்டே வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

பதினொன்று இருபது இருக்கும். அத்தான் கீழே போனார். எழுதினேன். ஐம்பது விநாடி... ஒரு நிமிஷம்... ஒன்று பத்து...

திடீரென்று மிதவை ஒரு குலுக்குக் குலுங்கி, 'சர்'ரென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. கொடி சாய்ந்து, உள்ளே போய், மறுபடி எழும்பியது.

"மாட்டிக்கிச்சு! பெருசு! பெருசு!" என்று கத்தியபடி எழுந்து நின்றேன். படகு ஆடியது. தாத்தா "உட்காரு!" என்று அதட்டினார். நோட்டு காலடியில் விழுந்தது. என் கண் மிதவையை விட்டு அசையவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு ஓடுகிறவன் மாதிரி ஒரு பரபரப்பு. ஓரக்கண்ணில் அத்தானின் தலை தெரிந்தது. கையைத் தூக்கி 'எல்லாம் சரி' என்று சைகை காட்டினார். வந்துட்டார். நல்லது. மீன் எங்கே?

மறுபடி நான் திரும்பியபோது, அந்தப் பையன் பின்பக்கமிருந்து அத்தானின் முகவாயைப் பிடித்துத் தூக்கியிருந்தான். கண்ணாடியைக் கழற்றியாகிவிட்டது. இடுப்பு பெல்ட் போய்விட்டது. அத்தானின் உதடு நீலம். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. பையன் அவர் முகத்தில் ஊதினான். கன்னத்தில் தட்டினான். பெயரைச் சொல்லி, "மூச்சு விடு... மூச்சு விடு..." என்றான். அதிலும் பதற்றம் இல்லை. ஸ்விட்ச் போர்டு ரிப்பேர் பண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக, வரிசையாகச் செய்தான்.

ஏழு விநாடியோ எட்டோ. என் வாழ்க்கையிலேயே நீளமான விநாடிகள். அக்கா சமையலறையில் நின்று "பார்த்துக்கோ" என்று சொன்னது மட்டும் காதில் கேட்டது.

'ஹக்'கென்று ஒரு இழுப்பு. அத்தான் மூச்சு விட்டார். கண் எங்களைப் பார்த்தது.

"மீன் எங்கே?" என்றார்.

* * *

நடந்தது இதுதான். நல்ல கிங் ஃபிஷ். சுட்டதும் அவர் துப்பாக்கியை விட்டிருக்க வேண்டும். கயிறுதான் மிதவையில் இருக்கிறதே, மேலே வந்து சாவகாசமாக இழுக்கலாம். ஆனால் அது பாறை இடுக்குப் பக்கம் ஓடியிருக்கிறது. உள்ளே போனால் கயிறு அறுந்துவிடுமே என்று இவர் பிடித்து இழுத்திருக்கிறார். 'இன்னும் ஒரு இழுப்பு, இன்னும் ஒரே ஒரு இழுப்பு'... வேடிக்கை என்னவென்றால், தான் மயங்கியதே அவருக்குத் தெரியாது. "நான் நல்லாத்தானே இருந்தேன்? எதுக்கு என்னைப் பிடிச்சீங்க?" என்று பையனிடம் சண்டைக்குப் போனார்.

மீன் கடைசியில் பாறைக்குள்தான் போனது. வளைந்த கம்பியும் அறுந்த கயிறும் மிச்சம். ஆஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதித்து, சில மணி நேரம் படுக்க வைத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். போட்டிக்காரர்கள் 'இனிமேல் இந்த டோர்னமென்ட்டில் தண்ணீரில் இறங்கக் கூடாது' என்று சொல்லிவிட்டார்கள்.

ராத்திரி தாத்தா என் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நனைந்து உப்பியிருந்தது. கடைசி வரி. 'கீழே' பத்தியில் 11.21.30. 'மேலே' பத்தி காலி.

"எழுதி முடி" என்று பென்சிலை நீட்டினார்.

எனக்குத் தெரியவில்லை. எத்தனை மணிக்கு மேலே வந்தார், எத்தனை விநாடி கழித்து மயங்கினார்... நான் பார்க்கவில்லையே! நான் பார்த்தது மீனை.

"ரொம்ப வருத்தப்படாதே" என்றார் தாத்தா. "சொந்தக்காரன், ஸ்நேகிதன் எல்லாருக்கும் ஆசை இருக்கும். ஆசை இருக்கிறவன் மீனைத்தான் பார்ப்பான். அந்தப் பையனுக்கு உங்க அத்தான் மேல தனிப் பாசம் ஒண்ணும் கிடையாது. அவன் ஒவ்வொரு தடவையும் முப்பது எண்ணுவான். இன்னிக்கும் எண்ணினான்."

மச்சான் கயிற்றை விடமாட்டான் என்று ஊரில் சொல்கிறார்களே... அந்த மச்சான்கள் பாசத்தால் மட்டும் விடாமல் இருந்திருக்க மாட்டார்கள் ஸார். தினம் தினம் பிடித்துப் பழகிய கை. பாசம் எனக்கும் இருந்தது. பழக்கம்தான் இல்லை.

மறுநாள் பையன் வேறொரு ஜோடியோடு சேர்ந்து இறங்கினான். நான் படகில் உட்கார்ந்து எண்ணினேன். அத்தானும் பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு எண்ணினார். அன்றைக்கு மிதவை எத்தனை தடவை குலுங்கியது, என்ன மீன் வந்தது என்று கேட்காதீர்கள், தெரியாது. மூன்று முகங்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் 63 வரி. எல்லா வரியிலும் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது.

சாயங்காலம் தராசு. வரிசையாக மீன்களைக் கிடத்தி, ஒவ்வொன்றாக எடை போட்டு, பாயின்ட் கூட்டினார்கள். எங்கள் பையனுக்கு ஒன்பதாவது இடம். பரிசு கிடையாது, கைதட்டல் உண்டு. பிடித்த மீனைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு லெதர் ஜாக்கெட்.

திரும்பி வரும்போது அத்தான் முதல் நூறு கிலோமீட்டர் பேசவே இல்லை. அப்புறம், "உங்க அக்காகிட்ட சொல்லாதே" என்றார். "சரி" என்றேன். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் நான் கேன்டீன் பக்கம் போய்க் காபி குடித்துவிட்டு வந்தும், அவர் சன்னதியை விட்டு நகரவில்லை.

வீட்டில் அக்கா மீன் குழம்பு வைத்தாள். புளியும் பூண்டும் மணக்க மணக்க... நாங்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டோம். மளிகை லிஸ்ட் எழுத ஒரு காகிதம் தேடியவள் கையில் என் நோட்டு சிக்கியது. புரட்டினாள். அவளும் பி.காம்.தான். என்னைவிட நல்ல மார்க்.

"இது என்னடா, ஒரு இடத்துல மட்டும் கணக்கு முடியலை?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, எல்லாவற்றையும் அவரே சொன்னார்.

அக்கா அழவில்லை, கத்தவில்லை. எழுந்து போய் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அந்த நோட்டை மூடி, பீரோவில் ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் இருக்கிற டிராயரில் வைத்தாள்.

"அடுத்த தடவை நானும் வரேன்" என்றாள். "வாட்ச் என்கிட்ட இருக்கும்."